நீர்வீழ்ச்சியா, கோடுகளா?

சில காலத்துக்கு முன்னர் குடும்ப நிகழ்வொன்றுக்காகப் பாரிஸ் சென்றிருந்தேன். என் பெறாமக்கள் இருவர் அங்கே நீண்ட காலத்தின் பின் சந்தித்துக்கொண்டனர். ஒருவன் பாரிஸில் வளர்ந்தவன். மற்றவன் ரொறன்ரோவில் வளர்ந்தவன். நாற்பது வயதைக் கடந்த இருவரும் சிறுவயதில் ஆடிய வீடியோ கேம் ஒன்றைப் பற்றிக் கடுமையாக வாதாடினர்.

சேகா நிறுவனம் 1991இல் வெளியிட்ட சோனிக் விளையாட்டின் தொடக்கத்தில் நீர்வீழ்ச்சிகள் வரும். அவற்றின் ஊடாகப் பின்னாலுள்ளவை மங்கலாகத் தெரியும் என்றான் ரொறன்ரோவிலிருந்து வந்தவன். இல்லை, அவை வெறும் செங்குத்துக் கோடுகள் என்றான் மற்றவன். ஆட்டத்தின் வேகம் பற்றியும் இருவரும் ஒத்துப்போகவில்லை. "சித்தப்பா, நீங்கள் பத்திரிகைக்காரர்தானே, விசாரித்துச் சொல்லுங்கோ" என்று வழக்கை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

முரண்படும் சாட்சியங்களோடு தொழில் வாழ்க்கையைக் கழித்தவன் நான். இருவரில் ஒருவருக்கு நினைவு பிசகிவிட்டது என்றே முதலில் எண்ணினேன். விசாரித்தபோது விடை வேறிடத்தில் இருந்தது. அது விளையாட்டுப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைத்த கம்பியில் இருந்தது.

நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற ரால்ஃப் பேயர் என்பவரின் ஆய்விலிருந்து பிறந்ததே முதலாவது வீட்டு வீடியோ கேம் பெட்டி. மக்னவொக்ஸ் ஒடிசி என்ற பெயரில் அது 1972இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் அன்ரெனாவுக்கான வழி மட்டுமே இருந்தது. எனவே அந்தப் பெட்டி ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் போல நடித்தது. தன் படத்தை 3ஆம் அல்லது 4ஆம் அலைவரிசையில் ஏற்றி அன்ரெனா வழியாகவே அனுப்பியது. அதில் ஒலியே கிடையாது.

1985இல் அமெரிக்காவில் அறிமுகமான நின்டென்டோ பெட்டியில் அன்ரெனா வழியோடு, ஒளிக்கும் ஒலிக்கும் தனித்தனித் துளைகளும் இருந்தன. ஒளிக்குரியது நாமறிந்த மஞ்சள் செருகி. அலைவரிசையில் ஏற்றி இறக்கும் வேலை இல்லாததால் படம் தெளிந்தது. ஆயினும் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்தே சென்றன. அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்தன.

பிரான்சின் பாதை வேறு. அங்கு விற்கப்படும் புதிய வண்ணத் தொலைக்காட்சிகளில் 21 முனைகள் கொண்ட பெரிடெல் என்ற இணைப்பு இருக்கவேண்டும் என 1980இல் அரசு கட்டாயப்படுத்தியது. ஏனைய ஐரோப்பிய நாடுகள் அதனை ஸ்கார்ட் என அறிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் அது தனித்தனியே கடத்தும். பிரான்சின் வண்ண முறை செக்காம். அந்த முறையில் நிறத்தைக் குறியாக்காத ஜப்பானியப் பெட்டிகளுக்கு, நிறங்களைப் பிரித்தே அனுப்பும் இந்த வழி கைகொடுத்தது. சேகாவின் மெகா டிரைவ் பிரான்சில் அந்தக் கம்பியோடுதான் விற்கப்பட்டது. வட அமெரிக்காவில் அதே பெட்டி ஜெனசிஸ் என்ற பெயரில், அன்ரெனா வழிக் கம்பியோடு வீடுகளை அடைந்தது.

ஒலியிலும் வேறுபாடு இருந்தது. முதல் மெகா டிரைவின் பின்புற இணைப்பு ஒற்றை ஒலியையே தரும். இரட்டை ஒலி வேண்டுமாயின் முன்புறத்திலுள்ள ஹெட்போன் துளையிலிருந்து இன்னொரு கம்பி இழுக்கவேண்டும்.

இப்போது நீர்வீழ்ச்சிக்கு வருவோம். மெகா டிரைவினால் ஒரு படத்தின் ஊடாக இன்னொன்றைக் காட்ட முடியாது. ஆகவே ஓவியர்கள் ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம் என்று வரைந்தனர். கலந்து செல்லும் கம்பியில் அக்கோடுகள் கசிந்து இணைந்து ஊடுருவும் நீரானது. நிறங்களைப் பிரித்தனுப்பிய பிரெஞ்சுக் கம்பியிலோ ஒவ்வொரு கோடும் துல்லியமாக நின்றது. நல்ல கம்பி ஓவியரின் தந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

வேகத்துக்கும் காரணம் உண்டு. வட அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 60 தடவையும், ஐரோப்பியத் தொலைக்காட்சி 50 தடவையும் திரையைப் புதுப்பித்தன. 60க்காக எழுதப்பட்ட சோனிக், ஐரோப்பியப் பெட்டிகளில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடியது, இசையும் மெதுவாகியது.

ஆக, இருவரும் பொய் சொல்லவில்லை. போர் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை இரு கண்டங்களில் வளரவைத்தது. ஒரே விளையாட்டை ஆடியதாக அவர்கள் நம்பியிருந்தனர். அவர்கள் கண்டதோ இரு வேறு படங்கள்.

தீர்ப்பைச் செய்துகாட்டும்படி கேட்டார்கள். நிலவறையிலிருந்து பழைய மெகா டிரைவ் வந்தது. ஆனால் புதிய தொலைக்காட்சியில் பெரிடெல் இல்லை. பிரெஞ்சு அரசு 2015இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. 2002 டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒளியும் ஒலியும் எண்ம வடிவில் ஒரே கம்பியில் செல்லும் முறை அது. 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இல் தொடக்கத்தில் அது இல்லை. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இல் இருந்தது. இன்று புதுப் பெட்டி வாங்குபவருக்குக் கம்பியைத் தெரிவுசெய்யும் வேலை அநேகமாக இல்லை. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கே அந்தக் கேள்வி எஞ்சியிருக்கிறது.

இரண்டு மாற்றிப் பெட்டிகளை வரவழைத்தோம். பெரிடெல் வழியாக இணைத்தபோது கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பாரிஸ்காரன் கைதட்டினான். மஞ்சள் செருகியை மாற்றிக் கொளுவினோம். கோடுகள் கரைந்து நீர் விழுந்தது. ரொறன்ரோக்காரன் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனால் சித்தப்பா, பாட்டு இன்னும் மெதுவாத்தான் போகுது" என்றான்.

அதைக் கம்பியால் மாற்றமுடியாது. பெட்டி பாரிஸில் வாங்கியது.