அன்னி ஆல்பர்ஸ்

அன்னி ஆல்பர்ஸ் (1899–1994) பெர்லின் நகரிற் பிறந்து, கைத்தறி நெசவைச் சித்திரத்துக்கு நிகரான சுதந்திரக் கலையாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்க அம்மையார். 1922-ஆம் ஆண்டு வைமாரிலிருந்த பௌஹவுஸ் கலைக்கூடத்திற் சேர்ந்த அவர் கண்ணாடிச் சித்திர வேலையையே நாடினாராயினும், பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிவந்த அந்நாளைய அநீதியான வழக்கத்தினால் மனமின்றியே தறியின் முன் அமர்ந்து, நூல் விதிக்கும் கட்டுப்பாடே கற்பனைக்கு ஊன்றுகோலாவதை நாளடைவில் உணர்ந்து, அதனையே தம் ஜீவிய சாதனையாக வரித்துக்கொண்டார். பட்டயத்திற்கென அவர் நெய்த, பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளி மண்டபத்துக்கான சுவர்த்துணி, ஒரு முகத்தால் ஒலியை உள்வாங்கி, மறு முகத்தில் இழையோடிய செலோபேனால் ஒளியைப் பிரதிபலித்தது. உபயோகமும் சௌந்தரியமும் இவ்வளவு இயல்பாக இணைந்த நெசவு அபூர்வமே.

நாஜிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் மூடப்பட்ட 1933-இல், கணவர் ஜோசப் ஆல்பர்ஸுடன் அமெரிக்கா சென்று, பிளாக் மவுண்டன் கல்லூரியிற் போதித்தார். மெக்ஸிகோவுக்குப் பன்முறை சென்று பண்டை அமெரிக்கக் கலைகளில் தோய்ந்த அவர், பண்டைப் பெரு நாட்டு நெசவாளரையே தம் பரம ஆசிரியராகப் போற்றி, 1965-இல் வெளியான தம் நெசவு நூலையும் அவர்களுக்கே சமர்ப்பித்தார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 1949-இல் அவருடைய நெசவுகளைத் தனிக் காட்சியாக வைத்தது. நெசவுக்கலைஞர் ஒருவருக்கு அங்கே அக்கௌரவம் கிட்டியது அதுவே முதன்முறை. நியூயார்க் யூதக் காட்சியகத்துக்காக, நாஜிகளாற் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் ஸ்மரணையாக, பருத்தி, லினன், வெள்ளிச்சரிகை முதலியவற்றால் ஆறு பலகங்களாக நெய்யப்பெற்ற 'ஆறு பிரார்த்தனைகள்' அவர் படைப்புகளுள் தலையாயது.