குக்ரியும் கோலோக்கும்

காட்டுப்போரைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கியை விட்டு இறங்குவதில்லை. காட்டுக்குள் போன சிப்பாய்க்கு எதிரி எப்போதாவதுதான் எதிர்ப்படுவான். கொடியும் முள்ளும் மூங்கிலும் அடிக்கு அடி மறிக்கும். அதற்கென்று படையினர் இடுப்பில் தொங்கிய கத்திகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று கூர்க்காக்களின் குக்ரி. மற்றது மலாயாக் காட்டில் பிரித்தானியப் படை சுமந்த கோலோக்.

குக்ரி நமக்குப் புதிதல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையில் நின்ற இந்திய அமைதிப்படையில் கூர்க்காப் படையணிகளும் இருந்தன. உறையிலிருந்து உருவினால் கூர்க்கா இரத்தம் காணாமல் திரும்பப் போடமாட்டான் என்ற கதையைக் கேளாதவர் குறைவு. அது வெறும் கதை. கூர்க்கா அதைக் கொண்டு விறகு பிளப்பான், இறைச்சி வெட்டுவான், கூடாரத்துக்குக் கம்பு சீவுவான். 1815இல் பிரித்தானியர் கூர்க்காக்களைப் படைக்குச் சேர்க்கத் தொடங்கியபோதே அவர்களிடம் இந்தக் கத்தி இருந்தது.

அதைச் செய்கிறவர்கள் நேபாளத்தின் காமி என்னும் கொல்லர்கள். இப்போது பெரும்பாலும் பழைய வாகனங்களின் ஸ்பிரிங் பட்டைதான் இரும்பு. நம்மூர்க் கம்மாலைக்காரரும் அதைத்தான் தேடுவார். பார்க்க வேண்டியது தோய்ச்சல் போடும் விதம். பழுக்கக் காய்ந்த அலகை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்துவதில்லை. கேத்தலால் வாய்ப்பக்கம் மட்டும் மெல்லிய தாரையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் கடினமாகிவிடும்; முதுகு அந்தளவு இறுகாமல் அடியைத் தாங்கும். அதனால் கட்டைமரத்தில் ஓங்கிப் போட்டாலும் இலேசில் முறியாது.

கோலோக் பிறந்தது மலாய், இந்தோனேசியக் கிராமங்களில். பிரித்தானியப் படை அந்த வடிவத்தை எடுத்து, பர்மிங்காமில் மார்ட்டின்டேல் போன்ற தொழிற்சாலைகளில் அடிப்பித்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் அதற்கு ஓயாத வேலை. ஆணி அடித்த மரப்பிடி, சற்று வெளியே புடைத்த வாய், நுனிப்பக்கம் கூடிய பாரம். மழுங்கினால் ஓர் அரம் போதும், இருந்த இடத்திலேயே தீட்டிக்கொள்ளலாம். 1942இல் அமெரிக்கர் தம் படைக்கு எடுத்த மச்செட்டியின் அலகு 46 சென்டிமீட்டர் நீளம், மெல்லிய தகடு. புல்லுக்கும் பச்சைக் கொடிக்கும் நல்லது, வைரம் பாய்ந்த மரத்தில் துள்ளிவிடும். கோலோக் அதைவிடக் குட்டை, தடிப்பும் கூட.

குக்ரிக்கும் கோலோக்குக்கும் அலகின் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வித்தியாசம் வளைவில் இருக்கிறது. குக்ரி உள்நோக்கி வளைந்திருப்பதால் பாரம் முன்பாதியில் விழுகிறது. சிறு வீச்சிலேயே ஆழமாக இறங்கும். பழகாத கைக்கு அதே வளைவு ஆபத்து. குறி தவறினால் காலுக்கு வரும். உருவும்போது உறையில் கத்தியின் வாய் இருக்கும் பக்கத்தைப் பொத்திப் பிடித்தால், உறையைக் கிழித்துக்கொண்டு விரலையும் அறுக்கும். கோலோக்கை எந்த ஊர்ப் பையனும் அரை நாளில் பழகிக்கொள்வான். பல ஊர் ஆட்களைத் திரட்டும் படைக்கு அதுதான் தோது. 1943இல் இலங்கையில் காட்டுப்போர்ப் பயிற்சி எடுத்து, மறு வருடம் பர்மாவுக்குப் போன 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷனின் சிப்பாய்களிடம் அவர்கள் ஊர்ப் பங்காக் கத்தியே இருந்தது. அதையும் புதிதாகக் கற்பிக்கத் தேவைப்படவில்லை.

சத்தத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே குற்றம். வெட்டுச் சத்தம் காட்டில் தூரத்துக்குக் கேட்கும், வெட்டுப்பட்ட கொப்பு போன வழியைக் காட்டிக்கொடுக்கும். எதிரி அருகில் என்றால் கத்தியை எடுக்காமல் கொடியை விலக்கிப் போவதே புத்தி.

நம் பக்கக் காட்டுக்கு எது? மலாயாவின் ஈரக்காடு வேறு, அம்பாறையின் வறள்காடு வேறு. சம்மாந்துறைக்கு மேற்கே, இங்கினியாகலைப் பக்கம், வீரையும் பாலையும் முதிரையும் நிற்கும் இடத்தில் பச்சைக் கொடியை விட வைரமரமும் முட்புதரும்தான் தொல்லை. மரத்துக்கு நான் குக்ரிக்கே வாக்குப் போடுவேன். முள்ளுக்கு இரண்டும் அரைகுறை. போடியாரின் வாடியில் கிடக்கும் மூக்கு வளைந்த வெட்டுக்கத்தி முட்கொப்பைக் கொளுவி இழுத்து, கையைக் கிட்டக் கொண்டுபோகாமலே வெட்டும். எடுப்பான நுனியுள்ள அந்த இரண்டு படைக்கத்திக்கும் அந்த மூக்கு கிடையாது.