படகு டிரெய்லர் தாங்குகட்டைகளின் மேலுறை

படகை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் சட்டகத்தில், முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் பொருத்தப்பட்டுப் படகின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்பவை தாங்குகட்டைகள். வட அமெரிக்காவில் இவற்றை ‘பங்க்’ என்பார்கள். சிறிய படகுகளுக்கு 38 மில்லிமீட்டர் தடிப்பும் 89 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பைன் கட்டை போதும். படகு பெரிதாகும்போது கட்டையின் அகலம் கூடும், அல்லது எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்காகும். மரம் படகின் அடியில் நேரடியாக உரசாமலிருக்க, கட்டைகளுக்கு மேலுறை போடப்படுகிறது. பாலிப்ரோப்பிலீன் இழையாலான கம்பளம், வரிவரியாக மேடு வைத்து வார்த்த வினைல் உறை, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பட்டை ஆகிய மூன்றும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் எதை எடுப்பது என்ற பேச்சு பெரும்பாலும் மென்மையில் தொடங்கி விலையில் முடிந்துவிடுகிறது. மேலுறை நீரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதே முதல் அளவுகோலாக இருக்கவேண்டும். மென்மையும் வழுக்கலும் விலையும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். இந்த வரிசைக்கான காரணங்களைக் கீழே காணலாம்.

சுமையும் மென்மையும்

கம்பளத்துக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது அதன் மென்மை. அந்த மென்மைக்கு உண்மையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள படகு, தலா 3 மீட்டர் நீளமும் 89 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு கட்டைகளில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். தாங்கும் பரப்பு ஏறக்குறைய 5,340 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் சுமை 0.28 கிலோ மட்டுமே. வெறுங்காலில் நிற்கும் ஒருவரின் பாதம் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய இதே அளவுதான். எஞ்சின் இருக்கும் பின்பக்கத்திலும், கட்டையைக் குறுக்குச் சட்டம் தாங்கும் இடங்களிலும் சுமை குவியும் என்பது உண்மை. அங்கே அது மூன்று மடங்கானாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தொடாது. கண்ணாடியிழைப் படகோ அலுமினியப் படகோ இந்த அழுத்தத்தால் நசுங்கிவிடாது. படகைக் காப்பது கட்டையின் அகலம், படகின் உள்விறைப்புச் சட்டங்களுக்கு நேர்கீழே அது அமைந்திருப்பது, பின்பலகை வரை அது நீண்டு தாங்குவது ஆகியவைதான். சில மில்லிமீட்டர் கம்பளம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. கீறலும் கடினத்தால் வருவதைவிட மணலால் வருவதே அதிகம். படகை நீரில் இறக்கும் சாய்தளத்தில் கலங்கி எழும் மணலும் சேறும் கம்பள இழைகளுக்குள் புகுந்து தங்கிவிட்டால், படகு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பளம் உப்புத்தாள் போலத் தேய்க்கும். படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிப்புடையது என்பதால் இந்தத் தேய்மானம் அற்பமானதல்ல.

நீர் தங்கினால் நேர்வது

பாலிப்ரோப்பிலீன் இழை நீரை உறிஞ்சுவதில்லை. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம்தான், நீரிலேயே மிதக்கும். இதை வைத்து, கம்பளம் ஈரத்தைப் பிடிக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். இழை உறிஞ்சாவிட்டாலும், நெருக்கமாக நிற்கும் இழைகளின் இடைவெளிகள் நுண்துளை ஈர்ப்பால் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. படகு மேலே அமர்ந்தபின் அந்த இடத்துக்கு வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. கம்பளத்தின் அடியில் ரப்பர் அல்லது நுரைப் பூச்சு இருந்தால் நீர் கீழேயும் வடியாது. இந்த ஈரம் முதலில் மரத்தைத் தாக்குகிறது. மரத்தின் ஈர அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மட்கச்செய்யும் பூஞ்சைகள் அதில் வளரமாட்டா; கம்பளம் சுற்றிய கட்டையோ பல நாட்கள் அந்த எல்லையைத் தாண்டியே கிடக்கிறது. மருந்தேற்றாத மரம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இற்றுப்போய், ஒரு நாள் நெடுஞ்சாலையில் முறியக்கூடும்.

மருந்தேற்றிய மரத்தைப் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அலுமினியப் படகுக்கு வேறொன்று தொடங்கும். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரத்துக்குக் குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றுவது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் ஆர்செனிக் இல்லை. செம்பின் அளவோ கூடுதல். ஈரக் கம்பளத்தின் வழியே கசியும் செம்பு அயனிகள் அலுமினியத்தின் மேல் படியும்போது, இரு உலோகங்களுக்கும் இடையே சிறுசிறு மின்கலங்கள் உருவாகி, அலுமினியம் குழிகுழியாக அரிக்கப்படுகிறது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் சிதைந்தால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் தேவை. அழுந்திக் கிடக்கும் ஈரக் கம்பளத்தின் அடியில் அதுவும் குறைவு. கடல்நீரின் உப்பு சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். சிறிய அலுமினியப் படகுகளின் அடித்தகடு பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. செம்பு மருந்தேற்றிய மரத்தை அலுமினியத்தோடு நேரடியாகத் தொடவிடக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. ஈரக் கம்பளத்தை நடுவில் வைப்பதால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுவதில்லை. கண்ணாடியிழைப் படகுக்கு இந்த ஆபத்து கிடையாது. நீண்டகாலம் ஈரத்தின்மேல் அழுந்திக் கிடந்தால் அதன் ஜெல்கோட்டில் கொப்புளங்கள் தோன்ற வாய்ப்புண்டு. ஆண்டு முழுவதும் நீரிலேயே மிதக்கும் படகோடு ஒப்பிட்டால் இந்தச் சேதம் குறைவே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஈரத்தின் மூன்றாவது விளைவு படகின் உரிமையாளரோடு நிற்பதில்லை. வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் 1988இல் கண்டறியப்பட்ட சீப்ரா மட்டி, 2007 ஜனவரியில் மீட் ஏரியில் கண்டறியப்பட்ட குவாகா மட்டி, 2024 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கண்டறியப்பட்ட தங்க மட்டி ஆகியவை குடிநீர்க் குழாய்களையும் அணைகளின் நீர்வழிகளையும் அடைத்துவிடக்கூடியவை. இவற்றின் இளம்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு கை நீர் இருந்தாலே உயிரோடு அடுத்த ஏரிக்குப் பயணம் செய்யும். ‘சுத்தம் செய், வடி, உலர்த்து’ என்று அங்கு பரப்பப்படும் விதியில் முதல் இரண்டையும் எந்த மேலுறையிலும் செய்துவிடலாம். மூன்றாவதில்தான் கம்பளம் தோற்கிறது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரால் டிரெய்லரைக் கழுவும் நிலையங்களிலும், அந்த வெப்பம் இழைகளுக்குள் ஊறி இறங்க நேரம் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒரே ஏரியில் படகோட்டுபவருக்கு இது பெரிய பொருட்டல்ல. ஏரி ஏரியாகச் செல்பவருக்கோ இதுவே தீர்மானிக்கும் காரணமாகவேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு எதிரான வாதங்கள்

பாலிஎத்திலீன் பட்டையும் வரிமேடு கொண்ட வினைல் உறையும் நீரைப் பிடிப்பதில்லை. ஆயினும் அவற்றுக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. அவற்றுக்கு விடை சொல்லாமல் பரிந்துரைப்பது சரியாகாது. முதல் வாதம் வழுக்கலைப் பற்றியது. அமெரிக்காவில் படகு இறக்கும் சாய்தளங்கள் வழக்கமாக 12 முதல் 15 சதவீதச் சரிவோடு கட்டப்படுகின்றன. உராய்வுக் கெழு 0.15க்குக் குறைந்தால், 15 சதவீதச் சரிவில் நிற்கும் படகு தானாகவே நழுவும். மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனின் உராய்வுக் கெழு பொதுவாக 0.1 முதல் 0.2 வரை. அதாவது, படகு நிற்பதா நழுவுவதா என்ற எல்லைக்கோட்டிலேயே இந்தப் பிளாஸ்டிக் நிற்கிறது. நீருக்கு வருமுன், படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றினால் படகு கான்கிரீட்டில் விழும். இது கற்பனை அச்சமல்ல. ஆனால் இது கைப்பழக்கத்தால் தவிர்க்கக்கூடிய ஆபத்து: பின்பகுதி மிதக்கத் தொடங்கும்வரை வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் கழற்றக்கூடாது. கம்பளத்தின் உராய்வை நம்பிக் கொக்கியைக் கழற்றுவதும் நல்ல பழக்கமல்ல. கம்பளத்திலும் செய்யவேண்டியதையே பிளாஸ்டிக் கட்டாயமாக்குகிறது. ஈரத்தால் வரும் அரிப்புக்கு இப்படி ஒரு கைப்பழக்கத் தீர்வு இல்லை. சரிவு மிகுந்த சாய்தளத்தில் தனியாளாகக் கனமான படகை இறக்குபவருக்கு மட்டும், உராய்வு கூடிய வினைல் உறையே நல்ல சமரசம்.

இரண்டாவது வாதம், பிளாஸ்டிக் படகைக் கீறும் என்பது. பாலிஎத்திலீன் ஜெல்கோட்டைவிட மிருதுவானது. கீறுவது அதைப் பிடித்திருக்கும் திருகாணி. பட்டை தேயத் தேய, உள்ளே புதைத்த திருகாணித் தலை மேலே வந்துவிடும். அதனால் திருகாணியைப் போதிய ஆழத்தில் புதைப்பதும் பருவத்துக்கு ஒருமுறை தடவிப் பார்ப்பதும் அவசியம். பட்டை வெயிலில் நெளிந்து எழும்பும் என்ற குறைக்கும் காரணம் உண்டு: 3 மீட்டர் பட்டை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நீள்துளையிட்டுத் திருகினால் அந்த நீட்சிக்கு இடம் கிடைக்கும். மூன்றாவது வாதம் விலை. கம்பளம் மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை இறக்கிவைத்து, கம்பளத்தைப் பிடித்திருக்கும் ஊசிகளைப் பிடுங்கி, புதிதாக மாற்றும் உழைப்பும், கூடவே இற்றுப்போன கட்டையின் விலையும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.

தேர்வு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேர்வு படகைப் பொறுத்துப் பிரிகிறது. மருந்தேற்றிய மரத்தின்மேல் அமரும் அலுமினியப் படகுக்குக் கம்பளம் கூடாது. தடித்த பிளாஸ்டிக் பட்டையோ வினைல் உறையோ வேண்டும். கடல்நீரில் இறங்கும் எந்தப் படகுக்கும், பல ஏரிகளுக்குப் போகும் எந்தப் படகுக்கும் இதே விடைதான். நன்னீரில், ஒரே ஏரியில் ஓடும் கண்ணாடியிழைப் படகுக்குக் கம்பளம் தகுந்ததே. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: அடிப்பூச்சில்லாத பாலிப்ரோப்பிலீனாக இருக்கவேண்டும், கட்டையின் கீழ்ப்பக்கத்தை முழுதும் மூடாமல் நீர் வடிய வழிவிடவேண்டும், துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைப் பக்கவாட்டிலும் அடியிலும் மட்டுமே அடிக்கவேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கம்பளத்தையும் கறுப்பு ரப்பரையும் எந்தப் படகுக்கும் பயன்படுத்தக்கூடாது. முன்னது நீரைத் தேக்கும், பின்னது ஜெல்கோட்டில் கறை ஏற்றும். படகை வெளியே எடுத்த மறுநாள் மேலுறையில் கைவைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. தொடர்ந்து ஈரமாகவே இருந்தால், அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும், அதை மாற்றவேண்டும்.