பெருவின் நெத்திலியும் சிகாகோவின் சோயாவும்: 1973 சொல்லும் பாடம்



நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஐயா, மக்காச்சோளம் நம்ம ஊரிலேயே விளையுது. சோயா மத்தியப் பிரதேசத்தில் விளையுது. அப்புறம் ஏன் தீவன வியாபாரிகள் வாராவாரம் சிகாகோ விலை என்ன, அமெரிக்க அறிக்கை என்ன சொல்லுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் மனதில் நிற்காது. இதற்குப் பின்னால் ஐம்பது வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் இல்லாத கதை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது கோழிக்குச் சக்தி தருவது. அடுத்தது புரதம். அதற்குத்தான் சோயா புண்ணாக்கு. சோயாவை எண்ணெய் வித்து என்று சொல்கிறோம். ஆனால் 100 கிலோ சோயாவை ஆட்டினால் எண்ணெய் ஏறக்குறைய 18 கிலோதான் கிடைக்கும். புண்ணாக்கோ 80 கிலோ அளவுக்கு வரும். ஆகவே உலகம் சோயா விதைப்பது முக்கியமாகக் கோழிக்கும் பன்றிக்கும் தீனி போடத்தான்.

சோயாவுக்குப் போட்டியாக அந்தக் காலத்தில் இன்னொரு பெரிய புரதச் சரக்கு இருந்தது. மீன்தூள். அது வந்த இடம் தென் அமெரிக்காவின் பெரு நாடு. அங்கே கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தில் ஆஞ்சோவெட்டா என்ற மீன் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. நம் நெத்திலியின் சொந்தக்காரன்தான். 1970-ல் பெரு பிடித்த மீன் 1.2 கோடி டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி மனிதன் சாப்பிடவில்லை. காயவைத்து, அரைத்து, தூளாக்கி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த கோழிப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள்.

1972-ல் எல் நினோ வந்தது. கரையோரக் கடல் சூடானது. ஆழத்திலிருந்து மேலே வரும் சத்துநீர் நின்றது. ஏற்கனவே அளவுக்கு மீறிப் பிடித்திருந்ததால் மீன் வளம் தாங்கவில்லை. 1973-ல் பிடிபட்டது ஏறக்குறைய 20 லட்சம் டன்தான். ஆறில் ஒரு பங்கு! மீன்தூள் கிடைக்காத தீவனக்காரர்கள் எல்லோரும் சோயா புண்ணாக்குக்கு ஓடினார்கள்.

அதே 1972-ல் நம் நாட்டிலும் பருவமழை பொய்த்தது. மகாராஷ்டிரப் பஞ்சம் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நிலக்கடலை விளைச்சல் விழுந்தது. அப்போது நாம் கடலைப் புண்ணாக்கை ஏற்றுமதி செய்துவந்தோம். அதுவும் குறைந்தது. ஒரே வருடத்தில் மீனும் போனது, கடலையும் போனது.

மூன்றாவது அடி சோவியத் யூனியனிலிருந்து வந்தது. அங்கேயும் விளைச்சல் மோசம். 1963-ல் இப்படி ஒரு விளைச்சல் குறைவு வந்தபோது, தீனி இல்லாமல் கால்நடைகளைப் பெருமளவில் அறுத்துவிட்டார்கள். பிறகு மக்களுக்கு இறைச்சித் தட்டுப்பாடு வந்தது. 1970 டிசம்பரில் பக்கத்து நாடான போலந்தில் உணவு விலை உயர்வை எதிர்த்துக் கலவரம் வெடித்ததையும் மாஸ்கோ பார்த்திருந்தது. அதனால் இந்த முறை ஆடுமாடு, பன்றி, கோழிகளை அறுக்காமல் தானியத்தை வெளியில் வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

வாங்கிய விதம்தான் வேடிக்கை. சோவியத் அரசின் தானிய வணிக நிறுவனமான எக்ஸ்போர்ட்கிளெப்பின் ஆட்கள் 1972 கோடையில் அமெரிக்கா வந்தார்கள். ஒவ்வொரு தானியக் கம்பெனியிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். ஒரு கம்பெனிக்குத் தெரியாமல் அடுத்த கம்பெனியிடம் ஒப்பந்தம். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் கோதுமை மட்டும் சுமார் 1.2 கோடி டன்! அமெரிக்காவின் ஒரு வருட விளைச்சலில் கால் பங்கு. அதற்கு மேல் மக்காச்சோளம், சோயா வேறு. இதில் இன்னொரு கொடுமை, கோதுமை ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசு தன் கையிலிருந்து மானியமும் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த விற்பனைகளுக்கு மட்டும் சுமார் 30 கோடி டாலர் மானியம் போனது. அமெரிக்கப் பத்திரிகைகள் இதற்கு 'மாபெரும் தானியக் கொள்ளை' என்று பெயர் வைத்தன. கொள்ளை என்று சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். தன் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு போகிறது என்று வீட்டுக்காரனுக்கே தெரியாமல் இருந்ததுதான் குறை.

இப்போது சிகாகோவுக்கு வருவோம். 1848-ல் தொடங்கிய சிகாகோ வணிக வாரியத்தில்தான் சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் உலகம் பார்க்கும் விலை உருவாகிறது. அங்கே கணக்கு புஷலில். ஒரு புஷல் சோயா 27.2 கிலோ. 1972 நடுவில் ஒரு புஷல் சோயா மூன்றரை டாலர் அளவில் இருந்தது. 1973 ஜூன் தொடக்கத்தில் அது 12.90 டாலர். ஒரு வருடத்துக்குள் மூன்றரை மடங்குக்கும் மேல். இந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2008 வரை ஆனது.

பண்ணைக்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விலைவாசியை அடக்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் 1973 ஜூன் 13 அன்று கடை விலைகளை 60 நாளுக்கு முடக்கினார். கோழிக்கறி விலை ஏறக்கூடாது. தீவன விலையோ ஏறிக்கொண்டே போகிறது. வளர்த்தால் ஒவ்வொரு கோழிக்கும் நட்டம். சில இடங்களில் ஆயிரக்கணக்கான கோழிக்குஞ்சுகளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. பண்ணை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மனிதர்களின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

புது அறுவடை வர இன்னும் மூன்று மாதம். கையிருப்பைவிட ஏற்றுமதிக்கு ஒப்புக்கொண்ட அளவு அதிகமாகத் தெரிந்தது. அரசு பயந்தது. 1973 ஜூன் 27 அன்று சோயா, பருத்திக்கொட்டை, அவற்றின் புண்ணாக்கு, எண்ணெய் எல்லாவற்றின் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. ஒரே வாரத்தில், ஜூலை 2 அன்று, அதைத் தளர்த்தி, ஏற்கனவே செய்த ஒப்பந்தங்களில் சோயாவில் பாதியும் புண்ணாக்கில் 40 விழுக்காடும் அனுப்பலாம் என்றார்கள். இலையுதிர் காலத்தில் நல்ல அறுவடை வந்தது. விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. தடையும் போய்விட்டது. அமெரிக்காவைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஜப்பானுக்கு முடியவில்லை.

ஜப்பானியருக்கு சோயா கோழித்தீனி மட்டுமல்ல. டோஃபு, மிசோ, சோயா சாறு, நாட்டோ எல்லாம் அதிலிருந்துதான். நமக்குப் பருப்பு எப்படியோ அப்படி. தேவையில் பத்தில் ஒன்பது பங்கை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நண்பன் என்று நம்பிய நாடு, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையே பாதியாக வெட்டியது. இனி ஒரே கடையை நம்பக்கூடாது என்று ஜப்பான் முடிவெடுத்தது. 1974-ல் பிரதமர் தனாகா பிரேசில் போனார். அந்தப் பேச்சு வளர்ந்து, 1979-ல் இரு நாடுகளும் சேர்ந்து 'புரோடேசர்' என்ற வேளாண் திட்டத்தைத் தொடங்கின.

இடம் செராடோ. பிரேசிலின் நடுவில் உள்ள புல்வெளிக் காடு. பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போலப் பதினைந்து மடங்கு. மண் சிவப்பு, அமிலம் அதிகம், அலுமினிய நச்சு உண்டு. எதுவும் விளையாத நிலம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். தடை போட்ட அதே 1973-ல்தான் பிரேசில் அரசு 'எம்ப்ராப்பா' என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. அவர்கள் செய்தது மூன்று வேலை. ஒன்று, டன் கணக்கில் சுண்ணாம்பு போட்டு மண்ணின் அமிலத்தைக் குறைத்தார்கள். இரண்டு, சோயா குளிர்நாட்டுப் பயிர். பகல் நேரம் குறைந்த வெப்பநாட்டில் வளருவதற்கு முன்பே பூத்துவிடும். அப்படிப் பூக்காத புது ரகங்களை உருவாக்கினார்கள். மூன்று, ஜோஹன்னா டோபரைனர் என்ற அம்மையாரின் ஆராய்ச்சியால், வேரில் வாழும் நுண்ணுயிர்களே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்க, யூரியா செலவு மிச்சமானது.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தடையால் மட்டுமே பிரேசில் சோயா நாடு ஆனது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. பிரேசிலின் தெற்கில் 1960-களிலேயே சோயா பரவிக்கொண்டிருந்தது. விலை ஏற்றமும் தூண்டியது. ஆனால் 'அமெரிக்கா நாளைக்கே கதவைச் சாத்தலாம்' என்ற பயம், வாங்கும் நாடுகளைப் பிரேசில் பக்கம் பணத்தோடு அனுப்பியது. 1970-ல் 15 லட்சம் டன் விளைந்த நாட்டில் 1980-ல் ஒன்றரைக் கோடி டன். 2023-ல் 15 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இன்று விளைச்சலிலும் ஏற்றுமதியிலும் முதலிடம் பிரேசிலுக்குத்தான்.

இதன் முழுப் பொருள் 2018-ல் தெரிந்தது. வர்த்தகச் சண்டையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு ஜூலை 6 முதல் 25 விழுக்காடு வரி போட்டது. உலகத்திலேயே அதிகம் சோயா வாங்கும் நாடு, இவ்வளவு தைரியமாக வரி போட்டது எப்படி? வாங்க இன்னொரு கடை இருந்தது. அமெரிக்க விவசாயி விலை விழுந்து தவித்தபோது, பிரேசில் விவசாயி கூடுதல் விலைக்கு விற்றார். ஒரு வாரம் முழுதாகவும், சில மாதம் அரைகுறையாகவும் சாத்திய கதவு. அதன் கணக்கு 45 வருடம் கழித்தும் தீரவில்லை.

செலவு இன்னொருவர் தலையிலும் விழுந்தது. செராடோவின் இயற்கைத் தாவரங்களில் ஏறக்குறைய பாதி அழிந்துவிட்டது. பிரேசிலின் பல பெரிய ஆறுகளுக்கு அதுதான் தாய்மடி. அந்தக் கணக்கைச் சிகாகோ விலையில் யாரும் சேர்ப்பதில்லை.

இப்போது மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சோவியத் வாங்கியது தெரியாமல் ஏமாந்த அமெரிக்கா, 1973-லேயே ஒரு சட்டம் போட்டது. தானியம், எண்ணெய் வித்து ஏற்றுமதியாளர்கள் எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்றோம் என்று வாராவாரம் வேளாண்மைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அந்த விற்பனை அறிக்கைதான் வியாழக்கிழமைதோறும் வெளிவருவது. நமக்கு மாலை ஆறு, ஏழு மணி. ஒரே நாளில் ஒரு லட்சம் டன் அல்லது அதற்கு மேல் ஒரே நாட்டுக்கு விற்றால் மறுநாளே சொல்லிவிட வேண்டும். சீனா அதிகம் வாங்கியிருந்தால் விலை ஏறும், வாங்காவிட்டால் இறங்கும். உங்கள் தீவன வியாபாரி வாராவாரம் காத்திருப்பது இதற்குத்தான்.

இந்தூர் சோயாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? உலக விலையைவிட நம் புண்ணாக்கு மலிவாக இருந்தால் ஏற்றுமதி ஆகும், உள்ளூரில் ஏறும். இங்கே விலை எக்கச்சக்கமாக ஏறினால் இறக்குமதி கேட்டுக் குரல் எழும். 2021-ல் புண்ணாக்கு விலை பண்ணைகளைத் திணறடித்தபோது, ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி தந்தது நினைவிருக்கும். பண்ணையாளர்கள் மூச்சுவிட்டார்கள். சோயா விவசாயிகள் வருந்தினார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

2022 மே மாதம் நாமும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினோம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தினோம். சொந்த மக்கள் பசியோடு இருக்கக் கப்பலில் தானியம் அனுப்பச் சொல்லும் ஆள் நான் இல்லை. நிக்சன் அரசின் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதித்துவிட்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவது வேறு; ராத்திரியோடு ராத்திரியாகச் சாத்துவது வேறு. விலை ஏறும், இறங்கும். அடுத்த அறுவடையில் சரியாகிவிடும். போன வாடிக்கையாளர் அப்படித் திரும்ப வருவதில்லை. மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கே இது தெரியும்.

பண்ணை, தீவன ஆலை, தானிய மண்டி என்று தொழிலில் இருக்கும் பிள்ளைகள், 2021-ல் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன். பள்ளியில் படிக்கும் பேரன் பேத்திகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உலக வரைபடத்தில் பெரு, சிகாகோ, செராடோ, இந்தூர் நான்கையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.