காவிரிப் படுகையின் ஊறுகாய், வற்றல், வடாம் மரபு

காவிரிப் படுகை மாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆனி வரை கிடைக்கும் காய்கனிகளையும் புதிதாக அறுவடையான தானியங்களையும் உப்பு, வெயில், மோர், நல்லெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு பதப்படுத்தி, ஆண்டு முழுவதும் வைத்திருந்து உண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இவ்வாறு பதப்படுத்தியவை வீட்டுத் தேவைக்குப் போக மகள் வீட்டுச் சீராகவும், வெளியூரில் வாழும் உறவினருக்குக் கொடுத்தனுப்பும் பண்டமாகவும் பயன்பட்டன. மேலைநாடுகளில் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொதிக்க வைக்கும் முறை வீடுகளில் செய்த வேலையைப் படுகையில் சாடியும் மொட்டை மாடியும் செய்தன.

பின்னணி

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள பாபநாசம், குடமுருட்டி முதலான காவிரிக் கிளைகள் பாயும் நெல் வட்டாரம் ஆகும். இவ்வூரை அடுத்த திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. கோயிலுக்குக் களஞ்சியம் இருந்தது போல வீடுகளில் குதிரும் பத்தாயமும் இருந்தன. நெல்லைக் காப்பாற்றக் குதிர் போதுமானது. அந்த நெல்லைச் சோறாக்கி உண்ணும்போது தொட்டுக்கொள்ள வேண்டிய காய்தான் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை.

படுகையின் பெரும்பகுதி நீர் நிற்கும் வயல். ஆற்றுப் படுகைத் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லையிலும்தான் காய்கறி விளையும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கொல்லைக் காய் அழுகும். வாய்க்கால் பெருகிப் பாதை அடைபடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்காக உணவைச் சேமித்தனர். படுகையில் அடைமழைக் காலத்துக்காகச் சேமித்தனர். அங்கே அறுவடை முடிந்தவுடன் குளிர் வந்துவிடும். இங்கே அறுவடை முடிந்தபின் மூன்று நான்கு மாதம் கடும் வெயில் காயும். இந்த வேறுபாடே இரு பதன முறைகளும் வெவ்வேறு வழியில் வளர்ந்ததற்கு முதற் காரணம்.

பழைய சான்றுகள்

ஊறுகாய் என்பது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வற்றல் என்பது நீர் வற்றியதைக் குறிக்கும். இரண்டு பெயர்களும் செய்முறையையே சொல்கின்றன.

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, மறையவர் வீட்டில் பாணர் பெறும் உணவுகளைக் கூறும்போது மாவடுவால் செய்த ஊறுகாயையும், மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துச் சமைத்த மாதுளங்காயையும் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் காரத்துக்கு மிளகே பயன்பட்டது. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவுக்கு வந்த பயிர். ஆகவே இன்று ஊறுகாயின் அடையாளமாகக் கருதப்படும் செந்நிறம் பிற்காலத்தில் சேர்ந்தது. வடுவும் உப்பும் அதைவிட மிகப் பழையவை.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, வெண்ணிற உப்பை விற்று அதற்கு மாற்றாக நெல் ஏற்றி வந்த படகுகளைக் காட்டுகிறது. கடற்கரையின் உப்பும் உள்நாட்டின் நெல்லும் ஒன்றுக்கொன்று விலையாக இருந்ததை இதனால் அறியலாம்.

பருவமும் பண்டமும்

படுகையின் பதன வேலை நெற்பயிரின் நாட்காட்டியை ஒட்டியே அமைந்தது. தையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். வயலில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்து பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வரும். அப்பளத்துக்கு உளுந்தும், வடாத்துக்குப் புது அரிசியும், அவற்றை உலர்த்த வெயிலும் ஒரே நேரத்தில் கிடைத்தன. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அதைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்துப் பானையில் அடைப்பார்கள். வேப்பம்பூவும் அப்போதுதான் உதிரும்.

மாவடுவுக்குக் காம்போடு பறித்த, அடிபடாத பிஞ்சு வேண்டும். கழுவித் துடைத்த வடுவின் மேல் சிறிது விளக்கெண்ணெய் தடவி, உப்பை அடுக்கடுக்காகத் தூவிச் சாடியில் போடுவார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பு வடுவிலிருந்து இழுக்கும் நீரே சில நாட்களில் சாடியில் நிறையும். நாள்தோறும் குலுக்கிவிட, வடு சுருங்கி அந்நீரில் அமிழும். பின்னர் கடுகு, மிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்ப்பார்கள். வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பார்கள். ஈரக்கையும் ஈர அகப்பையும் சாடிக்குள் போகக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருந்த விதி.

மோர்மிளகாய்க்குத் தஞ்சாவூர் வட்டாரத்தில் விளையும் குட்டையான, பருத்த குடமிளகாய் ஏற்றது. மிளகாயைக் கீறி உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவார்கள். மோர் முழுவதும் வற்றும் வரை இது தொடரும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, பாகல், சுண்டை, மணத்தக்காளி ஆகியவை வற்றலாகும். நாரத்தையும் எலுமிச்சையும் உப்பில் ஊறும்.

செய்முறையின் அறிவியல்

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு உள்ளது. மாங்காய், எலுமிச்சை, நாரத்தை ஆகிய புளிப்புக் காய்கள் ஈரத்தோடு சாடியில் வைக்கப்பட்டன. வெண்டை, கத்தரி, கொத்தவரை போன்ற புளிப்பில்லாத காய்கள் ஈரமின்றி உலர்த்தப்பட்டன. மிளகாய்க்கு மோரின் புளிப்பும் உப்பும் ஊட்டப்பட்டு, பிறகு அதுவும் உலர்த்தப்பட்டது.

இன்றைய உணவு அறிவியலும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. பி.எச். மதிப்பு 4.6 அல்லது அதற்குக் குறைவாக உள்ள புளிப்பு உணவில் அது வளராது. புளிப்பற்ற உணவை ஈரத்தோடு காற்றுப் புகாமல் அடைத்தால் வளரும். அதன் வித்துகள் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. அழுத்தக் கலனில் சுமார் 121 பாகை வெப்பம் தேவை. அழுத்தக் கலன் இல்லாத சமையலறையில் வெண்டைக்காயைக் காப்பாற்றப் பாதுகாப்பான வழி அதன் நீரை நீக்குவதே. நுண்ணுயிரின் பெயர் அறியாமலேயே, பட்டறிவால் இந்தப் பிரிவினைக்குப் படுகைப் பெண்கள் வந்து சேர்ந்திருந்தனர்.

குப்பியில் அடைக்கும் முறை

பிரான்சு நாட்டுச் சமையற்கலைஞர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டறிந்து 1810இல் நூலாக வெளியிட்டார். அதற்கு அந்நாட்டு அரசு 12,000 பிராங்கு பரிசு வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலனுக்கும் காப்புரிமை பெற்றார். உணவு ஏன் கெடவில்லை என்பதற்கான விளக்கம் அரை நூற்றாண்டு கழித்து லூயி பாஸ்டரின் ஆய்வுகளால் கிடைத்தது. 1858இல் அமெரிக்கர் ஜான் மேசன் திருகுமூடி கொண்ட குப்பிக்குக் காப்புரிமை பெற்றபின் இம்முறை அமெரிக்க வீடுகளில் பரவியது.

இந்தியாவில் இது வீட்டு வழக்கமாக வேரூன்றவில்லை. குப்பி, மூடி, நெடுநேரம் கொதிக்க வைக்க விறகு ஆகிய மூன்றுக்கும் பணம் வேண்டும், வெயிலுக்கு வேண்டியதில்லை. 1964இல் அமைக்கப்பட்ட உணவு ஊட்டச்சத்து வாரியத்தின் விரிவாக்கப் பிரிவுகள் பழம், காய்கறிகளை வீட்டளவில் பதப்படுத்தப் பயிற்சி அளித்தன. இத்தகைய பயிற்சிகளின் வழியே பழக்கூழும் பழரசமும் நகர்ப்புற வீடுகளுக்கு அறிமுகமாயின. வற்றலும் ஊறுகாயும் தம் இடத்தை இழக்கவில்லை.

உப்பு வரி

சாடிக்கு வேண்டியவற்றுள் வீட்டிலோ கொல்லையிலோ கிடைக்காதது உப்பு ஒன்றே. ஆங்கிலேயர் ஆட்சியில் அதன் மீது வரி இருந்தது. 1923இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்ட வரி, எதிர்ப்பால் மறு ஆண்டே ஒன்றேகால் ரூபாய்க்குத் திரும்பியது. உண்பதற்கும் பதப்படுத்துவதற்கும் ஏழை, செல்வர் இருவருக்கும் உப்பு வேண்டும். ஆதலால் அந்த வரி ஏழையின் கையையே அதிகம் கடித்தது.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் படுகையைக் கடந்து வேதாரண்யம் சென்று, ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பெடுத்தனர். படுகை வீடுகளில் வடாமும் மாவடுவும் போடும் பருவம் அது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டு அந்த ஆணையைத் தாண்டினர். உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது.

சீரும் வழியனுப்புதலும்

திருமணமான மகளுக்குத் தாய்வீட்டிலிருந்து செல்லும் பண்டங்களில் அப்பளம், வடாம், வற்றல், ஊறுகாய் ஆகியவற்றுக்கு நிலையான இடம் உண்டு. மசக்கையில் இருப்பவளுக்கு மாவடுவும் நாரத்தங்காயும் தேடிக் கொடுப்பர். பலகாரம் சில நாளில் தீரும். சாடி அடுத்த கோடை வரை இருக்கும். படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, மும்பை, தில்லி சென்றவர்களும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர் சென்றவர்களும் கெடாத உணவாக இவற்றையே எடுத்துச் செல்ல முடிந்தது. ஊரை விட்டுச் சென்ற தலைமுறைக்கு அளவு சொல்லித்தரப் பாட்டி அருகில் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்து அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது.

உழைப்பும் வருவாயும்

இப்பதனம் முழுவதும் பெண்களின் உழைப்பு. விடியுமுன் கூழ் கிண்டி, வெயில் ஏறுமுன் பிழிந்து, நாள் முழுவதும் காக்கைக்கும் திடீர் மழைக்கும் காவல் இருக்க வேண்டும். இந்த உழைப்பு வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டதில்லை. சாதியையும் தீட்டையும் முன்னிட்டுச் சிலரைச் சாடியின் அருகே வரவிடாத வழக்கமும் இம்மரபோடு சேர்ந்தே இருந்தது. மறுபுறம், கணவனை இழந்த பெண்கள் பலருக்கு அப்பளம் இடுவதும் ஊறுகாய் போடுவதும் பிறர் கையை எதிர்பாராத பிழைப்பாக அமைந்தன. மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனம், இவ்வேலை கூட்டுத் தொழிலாக வளர முடியும் என்பதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஊறுகாயும் மசாலாப் பொடியும் முதன்மைப் பொருள்களாயின.

இன்றைய நிலை

அடுக்குமாடி வீடுகளில் உலர்த்தும் இடம் குறைந்துள்ளது. கோடை மழை முன்னறிவின்றி வருகிறது. கடை ஊறுகாயில் வினிகரும் பதனப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. பழ, காய்கறிப் பொருள்களுக்கு 1955இல் வந்த பழப்பொருள்கள் ஆணைக்கு மாற்றாக இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வீட்டில் செய்து விற்போரும் இதன்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும்.

ஈர நெல்லைக் காக்கும் ஆய்வுக்காகத் திருவாரூரில் தொடங்கிய சிறு ஆய்வகம் வளர்ந்து, தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது. 2020இல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்துக்கு அது பயிற்சி வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று. சூரிய உலர்த்தி, ஈரம் புகாத உறை, அமில அளவீடு ஆகியவை இப்போது குழுப் பெண்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அளவும் கருவியும் புதியவை. காயிலிருந்து நீரை இறக்கு, புளிப்பில்லாததை ஈரத்தோடு மூடாதே என்ற அடிப்படை விதிகள் படுகையின் சாடிகள் முன்பே அறிந்தவை.