வாளி தட்டிய ரசிகர்களும் கல்லூரி மாறிய வீராங்கனைகளும்

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதம் பிறந்தால் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரே பேச்சுதான். கோப்பையை யார் வென்றார்கள் என்பது இரண்டு நாளில் பழைய கதை ஆகிவிடும். "நம்ம அணியிலிருந்து யார் போகிறார்கள்? யார் வருகிறார்கள்?" என்பதுதான் பெரிய கேள்வி. நேற்று வரை நம் பெண் என்று கொண்டாடியவர் நாளைக்கு எதிரணிச் சட்டையில் வந்து நிற்கலாம். "விசுவாசம் என்பதே இல்லாமல் போய்விட்டது, அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று மூத்த ரசிகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எப்படித்தான் இருந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் சுவாரசியமான ஒரு கதை கிடைக்கிறது.

ஆண்களுக்கு அனுமதி இல்லை

ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது 1891 டிசம்பரில். அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், நார்த்தாம்டன் என்ற ஊரில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருந்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் இந்த விளையாட்டைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். 1893 மார்ச் மாதம் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது!

பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. அதனால் மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். இந்த மாதிரிக் கட்டுப்பாடுகள் ஏதோ ஒரு வடிவத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ஆண்களைப் போல ஐந்து பேர் முழு மைதானத்திலும் ஓடி ஆடும் முறை கல்லூரிப் பெண்களுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 1971-ல்தான். கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள்!

எட்டு டிக்கெட்

அதே 1971-ல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கம் உருவானது. 1972 மார்ச்சில் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை அது நடத்தியது. இடம் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரம். பதினாறு அணிகள். அதில் பதினைந்தாவது இடத்தில் வைக்கப்பட்ட அணி இம்மாக்குலாட்டா.

பிலடெல்பியாவுக்கு அருகில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி அது. அவர்களுக்குச் சொந்தமாக ஆட்டக் கூடம்கூட இல்லை, இருந்தது 1967-ல் தீயில் எரிந்து போய்விட்டது. கன்னியர் மடத்தின் அடித்தளத்தில்தான் பயிற்சி. கம்பளித் துணியில் தைத்த பாவாடைச் சீருடைதான் ஆட்ட உடை. பயிற்சியாளர் கேத்தி ரஷ் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபதுகளின் தொடக்கம். அந்த முதல் பருவம் முழுவதற்கும் அவருக்குச் சம்பளம் 450 டாலர்.

நார்மலுக்குப் போகப் பணம் இல்லை. வீராங்கனைகள் பல் துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் திரட்டினார்கள். அப்படியும் எட்டு பேருக்குத்தான் விமான டிக்கெட் எடுக்க முடிந்தது. அதுவும் இடம் காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்ளும் வகை டிக்கெட். மற்றவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு அணிப் பட்டியலை முடிவு செய்தது பயிற்சியாளர் அல்ல, பணப்பெட்டி!

இதில் இன்னொரு சங்கதி. தேசியப் போட்டிக்குச் சற்று முன்புதான், வட்டாரப் போட்டியில் பக்கத்து ஊர் வெஸ்ட் செஸ்டர் அணியிடம் 70-38 என்று இவர்கள் படுதோல்வி அடைந்திருந்தார்கள். நார்மலில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி இறுதிப் போட்டிக்கு வந்தால் எதிரில் நிற்பது அதே வெஸ்ட் செஸ்டர். இந்த முறை 52-48. வென்றது இம்மாக்குலாட்டா! ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் பெரும் கூட்டம் காத்திருந்தது.

1973-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மீண்டும் கோப்பை. 1974-ல் மூன்றாவது முறை. "மைட்டி மேக்ஸ்" என்ற பட்டப்பெயர் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது.

அவர்களுடைய ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமை பெறாது. அங்கியும் முக்காடும் அணிந்த கன்னியாஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து, தகர வாளிகளைக் குச்சியால் தட்டி அரங்கையே அதிர வைத்தார்கள். வாளியும் குச்சியும் கொடுத்தவர் ரெனி மத் என்ற வீராங்கனையின் அப்பா. அவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். எதிரணிக்குக் காதடைத்துப் போகும். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன்ஸ் கல்லூரியுடன் மோதியபோது 11,969 பேர் பார்க்க வந்தார்கள். ஸ்மித் கல்லூரியில் கதவைச் சாத்திவிட்டு ஆடிய ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம்!

வீடு எரிந்ததால் வந்தவர்

இந்த அணியின் நடு நாயகம் தெரசா ஷாங்க். இவர் முதலில் சேர நினைத்தது வேறொரு கல்லூரியில். ஆனால் குடும்பத்தின் வீடு தீப்பிடித்து எரிந்துவிட்டது. வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லை. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த இம்மாக்குலாட்டாவில் சேர்ந்தார். மூன்று கோப்பைகள் வந்தன.

இதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த அணியின் பெண்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்து, அருகிலேயே கல்லூரிக்கு வந்தவர்கள். நான்கு ஆண்டு ஒரே சட்டையில் ஆடினார்கள். ரசிகர்களுக்கு அது விசுவாசமாகத் தெரிந்தது. விசுவாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களை வேறு யாரும் பணம் கொடுத்துக் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. கூப்பிட முடியாது, ஏனென்றால் அப்போது விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதை ஏ.ஐ.ஏ.டபிள்யூ தடை செய்திருந்தது. ஆண்கள் விளையாட்டில் ஆள் பிடிப்பதில் நடந்த கூத்துகளைப் பார்த்து, அந்த நோய் பெண்களுக்கு வேண்டாம் என்று சங்கத்தை நடத்திய ஆசிரியைகள் நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. ஆண் மாணவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகை பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? 1972 ஜூனில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட டைட்டில் நைன் என்ற சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்றது. 1973-ல் புளோரிடாவின் மேரிமவுண்ட் கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனைகளும் அவர்களுடைய பயிற்சியாளர் கெல்மேயரும் வழக்குத் தொடுத்தார்கள். சங்கம் தடையை விலக்கிக்கொண்டது.

நீதி கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தது இம்மாக்குலாட்டா போன்ற சின்னக் கல்லூரிகள்.

பெரிய கல்லூரிகளின் காலம்

1975 இறுதிப் போட்டியில் மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா ஸ்டேட் அணியிடம் 90-81 என்று இம்மாக்குலாட்டா தோற்றது. 1976 இறுதிப் போட்டியிலும் அதே அணியிடம் தோல்வி. டெல்டா ஸ்டேட்டின் கதையும் சாதாரணமானது அல்ல. பயிற்சியாளர் மார்கரெட் வேட் அங்கே மாணவியாக ஆடிய காலத்தில், பெண்களுக்கு இது கடினமான விளையாட்டு என்று சொல்லிக் கல்லூரி அணியையே கலைத்துவிட்டது. 1973-ல் அணியை மறுபடி தொடங்கியபோது அழைக்கப்பட்டவர் அதே மார்கரெட் வேட். 1975 முதல் 1977 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். அவருடைய அணியில் ஆடிய லூசியா ஹாரிஸ், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர்.

1978-ல் கோப்பை யு.சி.எல்.ஏ-வுக்குப் போனது. பெரிய பல்கலைக்கழகம், உதவித்தொகையில் சேர்ந்த ஆன் மேயர்ஸ் போன்ற நட்சத்திரம். அதன் பிறகு பெண்கள் மட்டும் படிக்கும் சின்னக் கல்லூரி எதுவும் அந்த உயரத்தை எட்டிப் பார்க்கவில்லை. கேத்தி ரஷ் 1977-ல் விலகினார். அவர் கணக்கில் 149 வெற்றி, 15 தோல்வி.

1982-ல் ஆண்கள் விளையாட்டை ஆண்டுவந்த என்.சி.ஏ.ஏ, பெண்களுக்கும் தனியாகக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியது. பணமும் தொலைக்காட்சியும் அந்தப் பக்கம். லூசியானா டெக் முதல் கோப்பையை வென்றது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ நடத்திய கடைசிப் போட்டியும் அதே ஆண்டுதான். பிலடெல்பியாவில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் வென்றது ரட்கர்ஸ். அதன் பயிற்சியாளர் யார் தெரியுமா? தெரசா கிரென்ட்ஸ். அதாவது, வீடு எரிந்ததால் இம்மாக்குலாட்டாவுக்கு வந்த அதே தெரசா ஷாங்க்! முதல் கோப்பையை வீராங்கனையாக வாங்கியவர், கடைசிக் கோப்பையைப் பயிற்சியாளராக வாங்கினார்.

ஒரு ஆண்டு தண்டனை

சங்கம் மாறியதோடு ஒரு விதியும் மாறியது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ காலத்தில் கல்லூரி மாறிய மாணவி உடனே ஆடலாம். மாணவி என்பவர் முதலில் மாணவி, படிக்கும் இடத்தை மாற்ற அவருக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் எண்ணம். என்.சி.ஏ.ஏ முறையில் கூடைப்பந்து வீராங்கனை கல்லூரி மாறினால் ஒரு ஆண்டு வெளியே உட்கார வேண்டும்.

எலினா டெல் டான் கதையைப் பாருங்கள். 2008-ல் நாட்டின் தலைசிறந்த பள்ளி வீராங்கனை என்று பெயர் எடுத்தவர். கனெக்டிகட் அணி உதவித்தொகை கொடுத்து அழைத்தது. போய் இரண்டே நாளில் வீடு திரும்பிவிட்டார். கண்ணும் காதும் இயங்காத அக்காவை விட்டு இருக்க முடியவில்லை. தொடுகையைத் தவிர வேறு வழியில் அந்த அக்காவிடம் பேச முடியாது. தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளும் பிரிவு அல்ல அது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் ஆண்டு வாலிபால் ஆடி, பிறகு கூடைப்பந்துக்குத் திரும்பினார். 2015-லும் 2019-லும் டபிள்யூ.என்.பி.ஏ-வின் மிகச் சிறந்த வீராங்கனை விருது பெற்றார்.

பட்டியலில் ஒரு பெயர் காணாமல் போனால் ரசிகருக்குத் தெரிவது வெற்றிடம் மட்டும்தான். அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை.

கதவு திறந்தது

2018-ல் என்.சி.ஏ.ஏ "டிரான்ஸ்பர் போர்ட்டல்" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கல்லூரி மாற விரும்புபவர் பெயரைப் பதிவு செய்தால் மற்றக் கல்லூரிகள் தொடர்பு கொள்ளலாம். 2021-ல் கூடைப்பந்து ஆடுபவர்களும் ஒரு முறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. 2024-ல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது.

உடனே பலன் தெரிந்தது. மேரிலாந்தில் ஆடிய ஏஞ்சல் ரீஸ் 2022-ல் எல்.எஸ்.யு-வுக்கு மாறினார். 2023 ஏப்ரலில் அந்த அணி அயோவாவை 102-85 என்று வீழ்த்திக் கோப்பை வென்றது. பயிற்சியாளர் கிம் மல்கியும் 2021-ல்தான் பெய்லரை விட்டு அங்கே வந்தவர். பயிற்சியாளர் மாறினால் ஒரு ஆண்டு உட்கார வேண்டும் என்று எந்த விதியும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பட்டியல் இப்படி ஆண்டுதோறும் கலைந்தால் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் 2024-ல் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய இறுதிப் போட்டியைச் சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப் போட்டியைவிட அதிகம். இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அதே நேரத்தில், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் நான்கு ஆண்டும் சொந்த மாநிலத்தில் ஒரே சட்டையில் ஆடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிணைப்புக்கு ஒரு தனி மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆக, "அந்தக் காலத்தில் இப்படியா?" என்ற கேள்விக்கு வரலாறு தரும் பதில் இரண்டு வகை. ஆம், அந்தக் காலத்தில் பெண்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள், ஊரே அவர்களைத் தன் பிள்ளைகளாகப் பார்த்தது. வாளி தட்டிய கன்னியாஸ்திரீகளின் அன்பு பொய்யில்லை. ஆனால் அன்று போக வேறு இடம் இல்லை. இன்று போக இடம் இருக்கிறது. அப்படி இருந்தும் ஒரு பெண் தங்குகிறார் என்றால், அந்தத் தங்கலுக்குத்தான் விசுவாசம் என்ற பெயர் சரியாகப் பொருந்தும்.

2014-ல் மைட்டி மேக்ஸ் அணி முழுவதும் நெய்ஸ்மித் நினைவுப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 1972-ல் நார்மலுக்குப் போக எட்டு டிக்கெட்தான் இருந்தது. புகழ் மண்டபத்தில் இடம் எல்லோருக்கும் கிடைத்தது.