ஜப்பானிய அனிமே தொடர்களில் இந்தியாவின் அநாதைச் சிறார்

பெற்றோரை இழந்து துன்பப்படும் குழந்தைகளின் கதைகள் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் பெருகின. 1970-களில் தொடங்கி ஜப்பானியத் தொலைக்காட்சி அவற்றுள் பலவற்றை அனிமே தொடர்களாகத் தயாரித்தது. அவற்றில் நான்கு தொடர்களுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. அவை பெரின் (1978), சாரா (1985), மோக்லி (1989), மேரி (1991) ஆகிய சிறார்களின் கதைகள். இவை ஐரோப்பிய வாசகருக்காகக் காலனிய இந்தியாவைப் பின்னணியாகக் கொண்டு எழுதப்பட்ட கதைகள். காலனிய நினைவுகள் இல்லாத ஜப்பானியப் பார்வையாளருக்காக மீண்டும் சொல்லப்பட்டபோது அவற்றின் அழுத்தம் குழந்தையின் உழைப்புக்கும் அன்றாட வாழ்வுக்கும் நகர்ந்தது.

வரலாற்றுப் பின்னணி

காலனிய இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களில் குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். வெப்பமும் நோயும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 1865-இல் பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங் அவ்வாறு அனுப்பப்பட்டவர். அவரும் தங்கையும் 1871-இல் இங்கிலாந்தின் சவுத்சீ நகரில் அந்நியர் வீட்டில் விடப்பட்டனர். அங்கே அனுபவித்த கொடுமைகளை அவர் பிற்காலத்தில் எழுதினார். பெற்றோர் உயிருடன் இருந்தும் அநாதையைப் போல வளர்ந்த அச்சிறுவனே பின்னர் மோக்லியைப் படைத்தார்.

நோய் குறித்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. தமிழகத்தின் மலைத்தோட்டங்களை ஒட்டிய வரலாற்றிலும் அதற்குச் சான்று உண்டு. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை, மூணாறு தோட்டங்களுக்குச் செல்லும் பழைய வழிகளில் ஒன்று. மூணாறில் விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் மூலம் குரங்கணிப் பக்கம் இறக்கப்பட்டு, அங்கிருந்து வண்டிகளில் போடிக்குச் சென்றது. மூணாறு தோட்ட மேலாளரின் இளம் மனைவியான எலனோர் இசபெல் மே 1894-இல் அங்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே காலராவால் இறந்தார். அவரது கல்லறை மூணாறு தேவாலயத்தின் மேலுள்ள குன்றில் இன்றும் இருக்கிறது. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

மூல நூல்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் எக்டர் மாலோ 1893-இல் எழுதிய 'ஆன் ஃபாமி' நாவலின் நாயகி பெரின். அவளது தந்தை சணல் வாங்குவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே இந்தியப் பெண்ணான மரியை மணந்தார். இத்திருமணத்தை ஏற்காத ஆலை முதலாளியான தாத்தா மகனை விலக்கிவைத்தார். தாயும் தந்தையும் இறந்தபின் பெரின் பெயரை மாற்றிக்கொண்டு தாத்தாவின் சணல் ஆலையிலேயே கூலிவேலைக்குச் சேர்கிறாள்.

பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் எழுதிய இரண்டு நாவல்கள் இந்தியாவில் தொடங்கும் வாழ்க்கைகளைப் பற்றியவை. 'எ லிட்டில் பிரின்சஸ்' (1905) நாவலின் சாரா இந்தியாவிலிருந்து லண்டன் விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அவளது பதினோராவது பிறந்தநாள் அன்று, இந்தியாவில் தந்தை பணத்தை இழந்து காய்ச்சலில் இறந்த செய்தி வருகிறது. அதுவரை இளவரசியாக நடத்தப்பட்டவள் அன்றே பரண் அறைக்கு மாற்றப்பட்டு வேலைக்காரி ஆக்கப்படுகிறாள். 'தி சீக்ரெட் கார்டன்' (1911) நாவலில் காலரா ஒரு வீட்டையே காலிசெய்கிறது. வேலையாட்கள் சிலர் இறக்க, மற்றவர் ஓடிவிட, மறக்கப்பட்டுத் தனித்துக் கிடந்த மேரியை அதிகாரிகள் கண்டெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்புகின்றனர்.

மோக்லியை முழு அநாதை என்று சொல்ல முடியாது. மூல நூலில் மெசுவா என்ற கிராமத்துப் பெண் அவனைப் புலி தூக்கிச்சென்ற தன் மகனாக நம்புகிறாள். ஆனாலும் ஊரும் அவனைக் கல்லெறிந்து துரத்துகிறது. ஓநாய்க் கூட்டமும் அவனை வெளியேற்றுகிறது.

ஜப்பானியத் தொடர்கள்

ஜப்பானில் இவ்வகைத் தொடர்களுக்கு வழிவகுத்தது 1974-இல் வெளியான 'ஹெய்டி'. இசாவோ தகாஹாதா இயக்கிய அத்தொடரில் ஹயாவோ மியாசாகியும் பணியாற்றினார். படைப்புக் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலைகளையும் வீடுகளையும் பார்த்துவந்தனர். மந்திரமோ சண்டையோ இன்றி, அநாதைச் சிறுமி ஒருத்தி பால் குடிப்பதையும் ஆடு மேய்ப்பதையும் 52 பகுதிகளில் காட்ட முடியும் என்று அத்தொடர் நிறுவியது. அதன்பின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் ஆண்டுக்கொரு நாவல் என்ற முறையில் 'உலகச் சிறந்த படைப்புகளின் அரங்கம்' என்று பின்னர் அழைக்கப்பட்ட வரிசையைத் தயாரித்தது. பெரினும் (53 பகுதிகள்) சாராவும் (46 பகுதிகள்) அவ்வரிசையில் வந்தவை. அதே நிறுவனம் தனியாகத் தயாரித்த மோக்லி தொடர் 52 பகுதிகள் கொண்டது. சாரா, மோக்லி இரண்டையும் இயக்கியவர் ஃபூமியோ குரோகாவா. மேரியின் கதையை என்.எச்.கே. ஒளிபரப்பியது.

மூலத்திலிருந்து மாற்றங்கள்

ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு பகுதி என்ற அளவு, நாவல் ஒரு பத்தியில் கடந்துசெல்வதை விரித்துக்காட்ட இடம் தந்தது. மாலோவின் நாவல் தாயும் மகளும் பாரிஸ் வந்துசேர்வதிலிருந்து தொடங்குகிறது. தொடரோ அதற்கு முன்பே, தந்தை இறந்த பொஸ்னியாவில் தொடங்கி, கழுதை வண்டியில் அவர்கள் செல்லும் நீண்ட பயணத்தைக் காட்டுகிறது. ஐரோப்பாவைக் கடக்கும் இந்திய வம்சாவளித் தாய் இதனால் கதையின் முழுமையான பாத்திரமாகிறாள். நாவலில் அவள் விரைவிலேயே இறந்துவிடுகிறாள்.

சாராவின் தொடரில் பாத்திரம் துலக்குதல், கடைக்குச் செல்லுதல், குளிரில் பசித்திருத்தல் ஆகியவை பல வாரங்கள் தொடர்கின்றன. மூலத்தில் இல்லாத பீட்டர் என்ற ஏழை வண்டிக்காரச் சிறுவன் அவளுக்குத் துணையாகச் சேர்க்கப்பட்டான். மூலத்தில் தண்டனைபோலக் கைவிடப்படும் தலைமையாசிரியை தொடரில் மன்னிக்கப்படுகிறார். இறுதியில் சாராவும் வேலைக்காரச் சிறுமி பெக்கியும் இந்தியாவுக்குக் கப்பலேறுகின்றனர். நாவலில் இந்தியா தந்தையைப் பறித்த தூரதேசம். தொடரில் அது சாரா திரும்பிச்செல்லும் இடமாகவும் ஆகிறது.

இந்தியாவில் மோக்லி

இந்நான்கில் இந்தியாவில் மிகப் பரவலாக அறியப்பட்டது மோக்லி தொடரே. 1993-இல் தூர்தர்ஷன் அதை இந்தி மொழிமாற்றத்தில் ஒளிபரப்பியது. இந்திப் பதிப்புக்கென்று குல்சார் பாடல் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர்கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த அத்தொடரை இந்தி அறியாத தமிழ்ச் சிறுவர்களும் பார்த்தனர். பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர் எழுதி, ஜப்பானியர் வரைந்து, இந்தியில் பேசிய மோக்லியை ஒரு தலைமுறை தன் நாட்டுச் சிறுவனாகவே ஏற்றுக்கொண்டது.

எழுதப்படாத குழந்தைகள்

இந்நூல்கள் தொடாத ஒரு பகுதியும் உண்டு. 'தி சீக்ரெட் கார்டன்' முதல் அத்தியாயத்தில் மேரியை வளர்த்த ஆயாவும் அதே காலராவில் இறக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. அவளுக்குக் குழந்தைகள் இருந்தனரா என்பதும் சொல்லப்படவில்லை. அனிமே தொடர்கள் ஏழைக் குழந்தையின் பக்கம் நின்றாலும், மூலக்கதையில் இல்லாத அக்குழந்தைகளை அவையும் தேடவில்லை.

தென்னிந்திய மலைத்தோட்டங்களுக்குக் கங்காணிகளால் அழைத்துச்செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நிலை இதுவே. மேலாளரின் மனைவிக்குக் குன்றின்மேல் பெயர் பொறித்த கல்லறை அமைந்தது. தோட்டத்தில் இறந்த தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு கல் இல்லை. வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவல் அவர்களின் வாழ்வையும் நோயையும் மரணத்தையும் பதிவுசெய்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படம் அதைத் தழுவியது.

பெரின், சாரா, மேரி மூவரும் கதை முடிவில் ஒரு வீட்டையும் உறவையும் பெற்றுவிடுகின்றனர். மேரியின் ஆயாவுக்குக் குழந்தைகள் இருந்திருந்தால் அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கதையை இதுவரை யாரும் அசையும் படமாக வரையவில்லை.